அவகாட்ரோ எண்ணும் புரோட்டானின் ஆயுளும்

பங்காருப்பேட்டையில் பிரதான ரயில் பாதையினின்று பிரிந்து கோலார் தங்க வயலின் ஊடே செல்லும் கிளைப் பாதை மாரிகுப்பத்தில் முடிவடைகிறது. இவ்வட்டாரத்திலுள்ள மைசூர், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்களிலிருந்து 1880ஆம் ஆண்டு முதல் 2001ஆம் ஆண்டு வரை சுமார் 800 டன் பொன் எடுக்கப்பட்டது என்பது பலரும் அறிந்த செய்தி. அதே சுரங்கங்களில் பல ஆண்டுகள் வேறொரு தேடலும் நடைபெற்றது என்பதைச் சிலரே அறிவர். பூமிக்கடியில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 140 டன் எடையுள்ள ஒரு கருவியை அமைத்து, அதிலுள்ள கணக்கற்ற புரோட்டான்களில் ஒன்றேனும் தானாக அழிகின்றதா என்று விஞ்ஞானிகள் அங்கே காத்திருந்தனர்.

அவர்கள் தேடிய நிகழ்ச்சி, ஒரு புரோட்டானுக்கு 10³¹ வருடங்களில் ஒரு முறை நேரக்கூடும் என்று அக்காலத்தில் கருதப்பட்டது. பத்தின் வலப்புறம் மேலே எழுதப்படும் சிறிய எண், ஒன்றுக்குப் பின் எத்தனை பூஜ்யங்கள் இட வேண்டும் என்பதைக் குறிக்கும். ஆகவே 10³¹ என்பது ஒன்றுக்குப் பின் 31 பூஜ்யங்களைக் கொண்ட எண். பிரபஞ்சத்தின் வயதோ சுமார் 1,380 கோடி வருடங்கள், அதாவது 1.38 × 10¹⁰ வருடங்கள் மட்டுமே. பிரபஞ்சத்தின் வயதைவிடப் பல கோடி கோடி மடங்கு நீண்ட ஒரு காலத்தைச் சில ஆண்டுகளில் அளக்க முற்படுவது எங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவுக்கு விடையளிப்பது ஒரு பெரிய முழு எண். அதன் பெயர் அவகாட்ரோ எண். அதன் இயல்புகளையும், அது கோலார்ச் சுரங்கத்தில் ஓர் அளவுகோலாகப் பயன்பட்ட விதத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எண்ணின் வரலாறு

ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் உள்ள வாயுக்கள், அவை எவையாயினும், சம கன அளவில் சம எண்ணிக்கையுள்ள மூலக்கூறுகளையே கொண்டிருக்கும் என்னும் கருத்தை இத்தாலிய விஞ்ஞானி அமடியோ அவகாட்ரோ 1811ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்த எண்ணிக்கை எவ்வளவு என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. 1865ஆம் ஆண்டில் ஆஸ்திரியரான யோசப் லோஷ்மிட், வாயு மூலக்கூறுகளின் பருமனை முதன் முதலில் மதிப்பிட்டு, அவற்றின் எண்ணிக்கையை அறிவதற்கு வழி கோலினார். பிரெஞ்சு விஞ்ஞானி ழான் பெரின், நீரில் மிதக்கும் நுண்பொடிகளின் ஓயாத அசைவை ஆராய்ந்து அந்த எண்ணிக்கையைத் தெளிவாகக் கணித்து, 1909ஆம் ஆண்டில் அதற்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டினார். இத்தகைய ஆராய்ச்சிகளுக்காக அவர் 1926ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

நெடுங்காலம் வரை இவ்வெண், 12 கிராம் தூய கார்பன்-12இல் அடங்கிய அணுக்களின் எண்ணிக்கை என்றே வரையறுக்கப்பட்டிருந்தது. எண்ணிக்கை என்பதால் அது ஒரு முழு எண்ணாகத்தான் இருத்தல் வேண்டும். எனினும் அதைப் பரிசோதனையால் அளந்தே அறிய வேண்டியிருந்தபடியால், எந்த அளவைக்கும் உரிய ஐயப்பாடு அதற்கும் இருந்தது. 2014ஆம் ஆண்டின் சர்வதேச மதிப்பீட்டில் அந்த ஐயப்பாடு சுமார் 74 கோடி கோடி. முதல் ஏழு இலக்கங்கள் உறுதியாகத் தெரிந்திருந்த ஓர் எண்ணுக்கும் கடைசி இலக்கங்களில் இத்தனை பெரிய ஐயம் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. அது ஒற்றை எண்ணா, இரட்டை எண்ணா என்று எவரேனும் கேட்டிருப்பின், விடை கூற வழியே இருந்திராது.

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16ஆம் தேதி பிரான்சு நாட்டின் வெர்சேல்ஸ் நகரில் கூடிய எடை அளவைகளின் சர்வதேச மகாநாடு இந்நிலையை மாற்றியது. 2019ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி முதல் அவகாட்ரோ எண் ஒரு நிச்சயமான முழு எண்ணாக ஏற்கப்பட்டது. இந்திய முறையில் இலக்கங்களைப் பிரித்து எழுதினால் அது பின்வருமாறு அமையும்:

6,02,21,40,76,00,00,00,00,00,00,000

சுருக்கமாக 6.02214076 × 10²³ எனலாம். கோடி என்பது 10⁷ ஆதலின், கோடி கோடி கோடி என்பது 10²¹ ஆகும். ஆகவே இவ்வெண்ணை ‘சுமார் 602 கோடி கோடி கோடி’ என்று தமிழில் எளிதாக வாசிக்கலாம்.

இதன் பருமனை உணர ஓர் உதாரணம் போதும். உலக மக்கள் தொகையை 800 கோடி என்று கொள்க. அவர்கள் அனைவரும் இரவு பகல் ஓயாது, விநாடிக்கு ஒன்றாக அணுக்களை எண்ணித் தள்ளுவதாக வைத்துக்கொண்டால், 12 கிராம் கார்பனை எண்ணி முடிக்க ஏறக்குறைய 24 லட்சம் வருடங்கள் ஆகும்.

கணித இயல்புகள்

நிச்சயமான முழு எண்ணாக ஆகிவிட்டபடியால், மற்ற முழு எண்களைப் போலவே இதனையும் கணித முறையில் ஆராயலாம்.

முதலாவது, இதில் 24 இலக்கங்கள் உள்ளன. அவற்றுள் கடைசிப் பதினைந்தும் பூஜ்யங்கள். எனவே இவ்வெண் 10¹⁵ஆல் மீதியின்றி வகுபடும். வகுத்தால் கிடைப்பது 602214076. இது மேலும் நான்கால் வகுபட்டு 150553519 என்னும் ஒற்றை எண்ணைத் தருகிறது. பத்து என்பது இரண்டையும் ஐந்தையும் பெருக்கி வருவது. ஆதலின் அவகாட்ரோ எண்ணைப் பின்வருமாறு எழுதலாம்:

2¹⁷ × 5¹⁵ × 150553519

கடைசிக் காரணி இரண்டாலும் வகுபடாது, ஐந்தாலும் வகுபடாது. ஆகவே மொத்த எண்ணில் இரண்டு சரியாகப் பதினேழு முறையும், ஐந்து சரியாகப் பதினைந்து முறையும் காரணிகளாக வருகின்றன.

இரண்டாவது, இவ்வெண் ஒரு வர்க்கமன்று. ஒரு முழு எண்ணை அதே எண்ணால் பெருக்கி வரும் வர்க்கத்தில், ஒவ்வொரு பகா எண்ணும் இரட்டைப்படை முறையே காரணியாக வரும். இங்கே இரண்டு பதினேழு முறை வருகிறது. பதினேழு ஒற்றைப்படை. எனவே இது எந்த முழு எண்ணின் வர்க்கமாகவும் இருக்க முடியாது.

மூன்றாவது, இது ஒரு கன எண்ணும் அன்று. கன எண்ணில் ஒவ்வொரு பகா எண்ணும் மூன்றின் மடங்காகவே வர வேண்டும். ஐந்து பதினைந்து முறை வருவது இவ்விதிக்குப் பொருந்துகிறது. ஆனால் பதினேழு மூன்றால் வகுபடாமையால், இரண்டு அவ்விதியை மீறிவிடுகிறது. ஒரு விதி பொருந்துவதற்கு எல்லாப் பகா எண்களும் அதற்கு உட்பட வேண்டும். மீறுவதற்கோ ஒன்றே போதும். இதன் பயனாக, பக்கத்துக்கு இத்தனை அணுக்கள் என்று சமமாக அடுக்கி, இவ்வெண்ணிக்கையுள்ள அணுக்களைக் கொண்டு ஒரு முழுமையான கன சதுரத்தை அமைத்தல் இயலாது.

நான்காவது, ஒன்பதால் வகுக்க வரும் மீதி. ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி வரும் தொகையை ஒன்பதால் வகுத்தால் கிடைக்கும் மீதியே, அந்த எண்ணை வகுத்தாலும் கிடைக்கும். இங்கு இலக்கங்களின் கூட்டுத்தொகை 6+0+2+2+1+4+0+7+6 = 28. இதை ஒன்பதால் வகுத்தால் மீதி 1. ஆகவே அவகாட்ரோ எண்ணை ஒன்பதால் வகுத்தாலும், மூன்றால் வகுத்தாலும், மீதி ஒன்றே. மூன்றால் வகுபடாத எண் பன்னிரண்டாலும் வகுபடாது. பழைய வரையறைப்படி 12 கிராம் கார்பனுக்கு உரியது இவ்வெண்ணே என்று கொண்டு, ஒரு கிராமுக்கு எத்தனை அணுக்கள் என்று வகுத்தால் முழு எண் கிடைப்பதில்லை. ஓர் அணுவின் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சுகிறது!

இம்முடிவு ஓர் உண்மையை உணர்த்துகிறது. மேலே கூறிய இயல்புகள் யாவும் மனிதர் தேர்ந்துகொண்ட எண்ணின் இயல்புகள். இயற்கையின் இயல்புகள் அல்ல. இறுதியிலுள்ள பதினைந்து பூஜ்யங்கள், எழுதுவதற்கு எளிமையாக இருத்தல் வேண்டி அமைக்கப்பட்டவை. கிராமுக்குப் பதிலாகத் தோலா என்னும் எடை உலக அளவாக இருந்திருப்பின் முழு எண்ணும் மாறியிருக்கும். மாறாது நிற்பது ஒன்று உண்டு. கையிலெடுக்கும் சிறு பொருளிலும் அடங்கியுள்ள துகள்களின் எண்ணிக்கை இத்தகைய பேரளவினது என்பதே அது. கோலார்ப் பரிசோதனைக்கு வேண்டியிருந்ததும் இப்பேரளவுதான். அதற்கு எண்ணின் முதல் இரண்டு மூன்று இலக்கங்களே போதுமானவை.

எடையிலிருந்து எண்ணிக்கை

அணுவின் கருவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் உள்ளன. இவ்விரு வகைத் துகள்களும் ஏறத்தாழச் சம எடை கொண்டவை. எலெக்ட்ரானின் எடை இவற்றோடு ஒப்பிட மிகச் சிறிதாதலால் அதனை ஒதுக்கிவிடலாம். ஒரு கார்பன்-12 அணுவின் கருவில் இத்தகைய துகள்கள் பன்னிரண்டு உள்ளன. 12 கிராம் கார்பனில் அவகாட்ரோ எண்ணளவு அணுக்கள் இருப்பின், ஒரு கிராம் கார்பனில் அவகாட்ரோ எண்ணளவு அணுக்கருத் துகள்கள் இருத்தல் வேண்டும். இரும்பாயினும், பொன்னாயினும், நீராயினும் இக்கணக்கு ஏறக்குறைய ஒன்றே. ஆகவே, எந்தப் பொருளின் எடையையும் கிராமில் அறிந்து அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால், அதிலுள்ள புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்து மொத்தம் எத்தனை என்பது தெரிந்துவிடும்.

கோலாரில் அமைந்த கருவியின் எடை 140 டன், அதாவது 14 கோடி கிராம். 14 கோடியை 602 கோடி கோடி கோடியால் பெருக்கினால், சுமார் 8,430 கோடி கோடி கோடி கோடி, அதாவது 8.4 × 10³¹ கிடைக்கிறது. இரும்பின் கருவில் உள்ள 56 துகள்களில் 26 புரோட்டான்கள். எஞ்சிய 30 நியூட்ரான்கள். எனவே அக்கருவியில் புரோட்டான்கள் மட்டும் ஏறக்குறைய 3.9 × 10³¹ இருந்தன.

காலத்தைத் துகளால் வாங்குதல்

துகள்களின் சிதைவு, மனிதரின் மூப்பைப் போன்றதன்று. பழைய துகள் புதிய துகளைவிட விரைவில் சிதையும் என்பதில்லை. ஒவ்வொரு வருடத்திலும் ஒவ்வொரு துகளுக்கும் சிதைவதற்கு ஒரே வாய்ப்புத்தான் உண்டு. சராசரி ஆயுள் 10³¹ வருடங்களாயின், ஒரு துகள் ஒரு வருடத்தில் சிதைவதற்கான வாய்ப்பு 10³¹இல் ஒரு பங்கு. ஒரே துகளை வைத்துக்கொண்டு காத்திருப்பவர் பிரபஞ்சம் உள்ளளவும் காத்திருந்தாலும் பயனில்லை. ஆனால் 10³¹ துகள்களை ஒருங்கே கவனித்தால், சராசரியாக ஆண்டுக்கு ஒரு சிதைவைக் காணலாம். துகள்களின் எண்ணிக்கையை சராசரி ஆயுளால் வகுத்தால், ஓர் ஆண்டில் எதிர்பார்க்கத்தக்க சிதைவுகளின் எண்ணிக்கை கிடைக்கும். காலத்தில் உள்ள குறையைத் துகள்களின் எண்ணிக்கை ஈடு செய்கிறது.

இதே கணக்கைக் கொண்டு, கருவியே இன்றி ஒரு முடிவுக்கு வரலாம் என்பதை மாரிஸ் கோல்ட்ஹேபர் என்னும் விஞ்ஞானி சுட்டிக்காட்டினார். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் உடலில் 3.6 × 10²⁸ அணுக்கருத் துகள்கள் உள்ளன. அவற்றின் ஆயுள் 10¹⁶ வருடங்கள் மட்டுமே எனின், ஒவ்வொரு விநாடியும் 1.1 லட்சத்துக்கு மேற்பட்ட துகள்கள் உடலினுள் சிதையும். அவற்றினின்று வெளிப்படும் கதிர்வீச்சைத் தாங்கி மனிதர் உயிர் வாழ்தல் அரிது. மனித குலம் வாழ்ந்து வருவதே, ஆயுள் அதனினும் நீண்டது என்பதற்குச் சான்றாகும்.

புரோட்டான் அழிவற்றது என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 1973-74ஆம் ஆண்டுகளில் இக்கருத்து ஆட்டம் கண்டது. ஒரிஸாவில் பிறந்த ஜோகேஷ் பதியும் பாகிஸ்தானியரான அப்துஸ் சலாமும் ஒரு புறமும், அமெரிக்கரான ஹோவர்ட் ஜார்ஜையும் ஷெல்டன் கிளாஷோவும் மற்றொரு புறமும், இயற்கையின் விசைகளை ஒன்றுபடுத்தும் கொள்கைகளை வகுத்தனர். அக்கொள்கைகளின்படி புரோட்டானும் ஒரு நாள் சிதைய வேண்டும். பொருள் நிலையானதா, அன்றா என்னும் தத்துவ வினா இவ்வாறு பரிசோதனைக்குரிய வினாவாக மாறியது.

சுரங்கத்தின் தேவை

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நிகழக்கூடியதைக் காண வேண்டுமாயின், ஏனைய நிகழ்ச்சிகள் அனைத்தும் அடங்கியிருத்தல் அவசியம். பூமியின் மேற்பரப்பில் அது இயலாது. விண்வெளியினின்று வரும் காஸ்மிக் கிரணங்கள் காற்று மண்டலத்தைத் தாக்கி, மியுவான் எனப்படும் துகள்களை உண்டாக்குகின்றன. அவை நிலத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் நிமிஷத்துக்கு ஒன்று வீதம் பொழிகின்றன. கோலார்க் கருவியின் நீளம் 6 மீட்டர். அகலம் 4 மீட்டர். ஆகவே பரப்பு 24 சதுர மீட்டர், அதாவது 2,40,000 சதுர சென்டிமீட்டர். அதை மேற்பரப்பில் வைத்திருந்தால் நிமிஷத்துக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் மியுவான்கள், நாளொன்றுக்கு 34 கோடிக்கு மேற்பட்ட மியுவான்கள் அதனூடே சென்றிருக்கும். 2.3 கிலோமீட்டர் ஆழத்திலோ நாளொன்றுக்கு வந்தவை ஏறக்குறைய இரண்டு மட்டுமே. கோலார்ப் பாறை நீரைப்போல் மூன்று மடங்கு அடர்த்தியுள்ளது. அதனால் அந்த ஆழம், சுமார் ஏழு கிலோமீட்டர் ஆழமுள்ள நீரின் அடியில் இருப்பதற்குச் சமமாகும்.

இந்த வசதியை இந்திய விஞ்ஞானிகள் முன்னரே உணர்ந்திருந்தனர். பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தினர் 1950களின் தொடக்கம் முதலே கோலாரில் மியுவான்களை அளந்து வந்தனர். 1965ஆம் ஆண்டில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அந்நிலையத்தினரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தினரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தினரும் கூடி நடத்திய பரிசோதனையில், காற்று மண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் விளைவு பதிவாயிற்று. அதே காலத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் இத்தகைய பதிவு கிடைத்தது. இயற்கையாகக் காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்கள் அறியப்பட்டது அதுவே முதல் முறை.

140 டன் கருவி

1980ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புரோட்டானின் சிதைவைத் தேடும் கருவி இயங்கத் தொடங்கியது. அதில் எண்ணிக் குழாய்கள் 34 அடுக்குகளாக, ஓர் அடுக்குக்கு அடுத்தது குறுக்காக அமையுமாறு வைக்கப்பட்டிருந்தன. அடுக்குகளுக்கு இடையே இரும்புத் தகடுகள் இருந்தன. தகடுகளில் உள்ள இரும்பே பரிசோதனைக்குரிய பொருள். குழாய்கள் அதன் காவலர்கள். மின்னூட்டமுள்ள துகள் ஒன்று குழாயினூடே சென்றால் அதிலுள்ள வாயுவில் மின்துடிப்பு உண்டாகும். எந்தெந்தக் குழாய்களில் துடிப்பு உண்டாயிற்று என்பதைக் கொண்டு துகள் சென்ற வழியைக் கண்டறியலாம். வெளியிலிருந்து வந்த துகளின் தடம் கருவியின் ஓரத்தில் தொடங்கும். உள்ளேயே சிதைந்த புரோட்டானின் தடமோ உள்ளேயே தொடங்கி உள்ளேயே முடியும். தேடப்பட்டவை இரண்டாம் வகைத் தடங்கள்.

1981ஆம் ஆண்டில் இக்குழுவினர், புரோட்டானின் சிதைவாக இருக்கக்கூடிய சில நிகழ்ச்சிகள் கிடைத்துள்ளதாக அறிவித்தனர். உலகெங்கும் விஞ்ஞானிகளின் கவனம் கோலாரின்மீது திரும்பியது. ஆனால் இங்கு ஓர் இடையூறு இருந்தது. மியுவானைத் தடுக்கும் பாறை, நியூட்ரினோவைத் தடுப்பதில்லை. நியூட்ரினோ பூமி முழுவதையும் ஊடுருவி வந்து, கருவியின் இரும்பில் மோதி, உள்ளேயே தொடங்கும் தடங்களை உண்டாக்கக்கூடும். ஆயிரம் டன் பொருளில் ஆண்டுக்கு நூறு அளவில் இவ்வாறு நிகழ்வது இயல்பு. எனவே 140 டன்னில் ஆண்டுக்குப் பதினான்கு அளவில் எதிர்பார்க்கலாம். அவற்றுள் பெரும்பாலானவை புரோட்டானின் சிதைவினின்று வேறுபட்டவை என்று தடத்தைக் கொண்டே கூறிவிடலாம். ஒன்றிரண்டை அவ்வாறு கூற இயலாது. 1965ஆம் ஆண்டில் அதே சுரங்கத்துக்குப் புகழ் தேடித் தந்த நியூட்ரினோ, 1981ஆம் ஆண்டில் அதே சுரங்கத்தின் முடிவை ஐயத்துக்கு உள்ளாக்கியது.

இத்தகைய ஐயத்தைத் தீர்க்க ஒரே வழி, துகள்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதாகும். கோலாரில் 1980களின் நடுவில் 260 டன் எடையுள்ள இரண்டாவது கருவி நிறுவப்பட்டது. அமெரிக்காவில் ஈரீ ஏரியை அடுத்த உப்புச் சுரங்கத்தில் 8,000 டன் நீரும், ஜப்பானில் காமியோகா சுரங்கத்தில் 3,000 டன் நீரும் தொட்டிகளில் நிரப்பப்பட்டு, அதே நிகழ்ச்சி தேடப்பட்டது. அவற்றில் அது காணப்படவில்லை. கோலாரில் கிடைத்த தடங்கள் புரோட்டானின் சிதைவே என்று உறுதிப்படவில்லை.

பூஜ்யத்தின் பொருள்

ஒன்றும் காணப்படவில்லை எனின் ஒன்றும் அறியப்படவில்லை என்று கொள்ளுதல் தவறு. பூஜ்யமும் ஓர் அளவையே. சராசரியாக ஆண்டுக்கு ஒன்று எதிர்பார்க்கப்படும் நிகழ்ச்சி, ஏதேனும் ஓர் ஆண்டில் நிகழாதிருப்பதற்கு நூற்றுக்கு 37 பங்கு வாய்ப்பு உண்டு. சராசரி 2.3 ஆயின், ஒன்றும் நிகழாதிருக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து. சராசரி 3 ஆயின் நூற்றுக்கு ஐந்து. ஆகவே ஒன்றும் காணப்படாதபோது, ‘எதிர்பார்க்க வேண்டிய சராசரி 2.3ஐ விடக் குறைவு’ என்று நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நம்பிக்கையுடன் கூறலாம்.

இதைக் கொண்டு ஆயுளின் கீழெல்லையைக் கணிக்கலாம். துகள்களின் எண்ணிக்கையைக் காத்திருந்த ஆண்டுகளால் பெருக்கி, 2.3ஆல் வகுத்தால் அந்த எல்லை கிடைக்கும். உதாரணமாக, 8.4 × 10³¹ துகள்களை ஓராண்டு முழுதும் குறையின்றிக் கவனித்து ஒன்றும் காணாவிடில், ஆயுள் 3.6 × 10³¹ வருடங்களுக்குக் குறைவன்று எனலாம். உண்மையான கருவியில் ஓரத்தில் உள்ள பொருளைக் கணக்கில் சேர்க்க முடியாது. சில சிதைவுகள் கருவியின் கண்ணுக்குத் தப்பவும் கூடும். ஆகவே நடைமுறையில் கிடைக்கும் எல்லை இதனினும் குறைவாகவே இருக்கும்.

காமியோகாவில் 1996ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் 50,000 டன் நீர்த் தொட்டியைக் கொண்டு இவ்வெல்லை மிகவும் உயர்த்தப்பட்டுள்ளது. புரோட்டான் ஒரு பாசிட்ரானாகவும் ஒரு நடுநிலைப் பையானாகவும் சிதையும் வழிக்கு, 2020ஆம் ஆண்டில் வெளியான எல்லை 2.4 × 10³⁴ வருடங்கள். எளிய ஒன்றுபட்ட கொள்கை முன்னர்க் கூறிய ஆயுள் இதனால் மறுக்கப்பட்டுவிட்டது. புரோட்டான் சிதைகின்றதா என்னும் வினாவுக்கு இன்றளவும் விடை கிட்டவில்லை.

முடிவுரை

கோலாரில் இப்பரிசோதனைகள் 1990களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பொன் சுரங்கமும் மூடப்பட்டது. எனினும் அங்கு மேற்கொள்ளப்பட்ட வழி வீண் போகவில்லை. ஒரு பொருளை நிறுத்து, எடையை எண்ணிக்கையாக மாற்றி, அமைதியான ஓரிடத்தில் காத்திருந்து, கண்டதையும் காணாததையும் ஒருங்கே கணக்கிடும் அம்முறையையே இன்றைய பெரிய கருவிகளும் பின்பற்றுகின்றன.

கோலாரிலிருந்து எடுக்கப்பட்ட 800 டன் பொன்னில் சுமார் 1.9 × 10³² புரோட்டான்கள் உள்ளன. மேலே கூறிய எல்லையைக் கொண்டு கணக்கிட்டால், அப்பொன் முழுவதிலும் அந்த ஒரு வழியில் சிதையக்கூடிய புரோட்டான், 120 வருடங்களுக்கு ஒன்றுக்கு மேல் இராது. அதாவது சுரங்கம் இயங்கிய காலம் முழுவதிலும், அதன் செல்வம் அனைத்திலும், இவ்வழியில் குறைந்திருக்கக்கூடியது அதிகமாகப் போனால் ஒரே ஒரு புரோட்டான். பொன் அழியாது என்று முன்னோர் கருதியது எவ்வளவு உண்மை என்பதற்கு ஓர் அளவு கூறும் வல்லமையை மனிதனுக்கு அளித்தது, அவகாட்ரோ எண் என்னும் இந்த முழு எண்ணேயாகும்.

பயிற்சி

1. ஒரு கிராம் பொன்னில் எத்தனை அணுக்கள் உள்ளன? பொன்னின் அணு எடையை 197 என்று கொள்க.

2. கோலாரில் நிறுவப்பட்ட இரண்டாவது கருவியின் எடை 260 டன். அணுக்கருத் துகளின் சராசரி ஆயுள் 10³² வருடங்களாயின், அக்கருவியில் ஆண்டுக்கு எத்தனை சிதைவுகளை எதிர்பார்க்கலாம்?

3. அவகாட்ரோ எண்ணின் காரணிகளுள், இரண்டையும் ஐந்தையும் மட்டுமே கொண்டு அமைந்தவை எத்தனை? ஒன்று என்னும் எண்ணையும் சேர்த்துக் கணக்கிடுக.

விடைகள்: 1. சுமார் 3.06 × 10²¹, அதாவது மூன்று கோடி கோடி கோடிக்குச் சற்று அதிகம். 2. சுமார் 1.6. 3. இரண்டை எடுக்காது விடுதல் முதல் பதினேழு முறை எடுத்தல் வரை 18 வழிகள்; ஐந்துக்கு அவ்வாறே 16 வழிகள்; ஆகவே 18 × 16 = 288.